கேள்வி பதில்: நெல்வயல் நடுவே ஒரு கப்பல்

சென்ற இதழில் ஒரு வாசகர், "ஜாவாவில் உங்களை வெகுநேரம் நிறுத்திவைத்தது எது?" என்று கேட்டிருந்தார். போரோபுதூர் என்ற பழைய பௌத்தக் கோயிலுக்கு வடக்கே உள்ள சிறிய கப்பல் அருங்காட்சியகம் என்று மூன்று வரியில் பதில் எழுதினேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், பாதிப் பேர் கோபத்தில் இருக்கிறார்கள். மீதிப் பேர் நாளைக்கே கப்பல் கட்டத் தயாராக இருக்கிறார்கள். ஆகவே அரசியல், சினிமாக் கேள்விகளுக்கு இந்த ஒரு இதழில் விடுமுறை.

கேள்வி: உலகமே வியக்கும் போரோபுதூருக்குப் போய்விட்டு, 504 புத்தர் சிலைகளையும் விட்டுவிட்டு, ஒரு மரக்கப்பலைப் பற்றி எழுதுகிறீர்களே, இது நியாயமா?
— கோயம்புத்தூர் வாசகி

புத்தர் கோபித்துக்கொள்ள மாட்டார், அம்மா. அவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தக் கப்பலுக்கு நம் பக்கத்தில் ஆளில்லை.

போரோபுதூரின் சுவர்களில் 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகள் உள்ளன. அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில் கப்பல்கள் வருகின்றன. முதல் சுற்றில் நடக்கும்போது சற்று நிதானித்தால் கண்ணில் படும். இரண்டு பாய்மரம், சாய்ந்து நிற்கும் நீள்சதுரப் பாய்கள், கயிற்றில் தொற்றி ஏறும் மாலுமிகள், கப்பலின் முன்முனையான அணியத்தில் ஒரு கண். எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பலின் பக்கவாட்டில் ஒரு மிதவைச் சட்டம். கடலில் கவிழாமலிருக்க இருபுறமும் கைநீட்டி ஊன்றிக்கொள்ளும் அமைப்பு இது. கி.பி. 800-ஐ ஒட்டி இதைச் செதுக்கிய கல்தச்சன் கப்பலைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதில் எனக்கு ஐயமில்லை. வெறும் கேள்விஞானத்தில் கயிற்றை எங்கே கட்டுவது என்று தெரியாது.

கோயிலைப் பார்த்துவிட்டு இறங்கி வடக்கே நடந்தால், மரத்தூண்களும் ஓட்டுக்கூரையுமாக ஒரு கூடம். உள்ளே அதே கப்பல், முழு அளவில், மரத்தில். 'சமுத்ர ரக்ஷா' என்று பெயர். நீளம் 18.29 மீட்டர், அகலம் 4.25 மீட்டர். சிறிய அருங்காட்சியகம்தான். கப்பலை எடுத்துவிட்டால் அங்கே பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அந்த ஒன்று போதும். சுற்றிலும் எரிமலைகளும் நெல்வயல்களும். கடல் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அங்கே ஆப்பிரிக்கா வரை போய்வந்த ஒரு கப்பல் கரையேறி நிற்கிறது.

சென்னைத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிக் காலம் தள்ளியவன் நான். இரும்புக் கப்பல்களை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கையால் தொடும் உயரத்தில் ஒரு கப்பலின் வயிற்றைப் பார்ப்பது வேறு வகை மகிழ்ச்சி. மிதவையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களைக் கப்பலோடு சேர்க்கும் கட்டுகளைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு ஒரு பக்கமாக இறுகச் சுற்றி, பிறகு அந்தச் சுற்றையே குறுக்கே சுற்றி நெரித்திருக்கிறார்கள். அலை இழுக்க இழுக்க இறுகுமே தவிர நழுவாது. புத்தரின் புன்னகை எனக்குப் பிடிக்கும். இந்தக் கட்டும் பிடித்திருக்கிறது.

கேள்வி: யார் கட்டினார்கள்? இந்தோனேசிய அரசாங்கமா?
— மதுரை வாசகர்

அரசாங்கம் பிறகு வந்து கைகொடுத்தது. எண்ணம் உதித்தது ஃபிலிப் பீல் என்ற ஆங்கிலேயருக்கு. 1980-களின் தொடக்கத்தில் போரோபுதூருக்கு வந்தவர், சிற்பத்தில் இந்தக் கப்பலைப் பார்த்தார். இதைக் கட்டி ஆப்பிரிக்கா வரை ஓட்டிப்பார்த்தால் என்ன என்ற யோசனை அவரை விடவில்லை. கை கூடிவர இருபது ஆண்டு ஆயிற்று. ஆஸ்திரேலியக் கடல்சார் தொல்லியலாளர் நிக் பர்னிங்ஹாம், சிற்பத்தைப் பார்த்து ஒரு சிறு மாதிரியைச் செய்துகொடுத்தார். கப்பலைக் கட்டியவர் அஸ்அத் அப்துல்லா என்ற முதிய தச்சர். பாலிக்கு வடக்கே காங்கேயான் தீவுக்கூட்டத்தில் பகெருங்கான் கெச்சில் என்று ஒரு பொட்டுத் தீவு. அந்தத் தீவில், 2003-இன் முதல் பாதியில் வேலை நடந்தது.

வரைபடம் எதுவும் அவர் கையில் இல்லை. மாதிரியை வைத்துக்கொண்டு கண்ணளவிலேயே கட்டினார். இன்றைய பொறியாளர் முதலில் எலும்புக்கூட்டை நிறுத்தி அதன்மேல் பலகையைப் போர்த்துவார். தென்கிழக்கு ஆசியத் தச்சர் வழக்கம் இதற்கு நேர்மாறு. கப்பலின் அடிமரமான ஏராக்கட்டையிலிருந்து பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கப்பலின் வடிவத்தை முதலில் கொண்டுவந்துவிடுவார்கள். விலா எலும்பு போன்ற வங்குகள் பிறகுதான் உள்ளே பொருத்தப்படும். ஆகவே கப்பலின் வடிவம் காகிதத்தில் இருப்பதில்லை. பலகையை வளைக்கும் ஆளின் தலைக்குள் இருக்கிறது. சிற்பத்தை எல்லோரும் பார்க்கலாம். அந்தத் தலை போய்விட்டால் கப்பலும் போய்விடும்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டது. சேஷல்ஸ், மடகாஸ்கர், கேப்டவுன் வழியாக ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 2004 பிப்ரவரியில் மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவை அடைந்தது. அருங்காட்சியகம் 2005-இல் திறக்கப்பட்டது.

கேள்வி: ஒரு ஆணிகூட இல்லை என்கிறார்களே, நம்பலாமா?
— சிவகாசி வாசகர்

நம்பலாம். பலகையின் விளிம்பில் துளையிட்டு மரமுளை அடித்து அடுத்த பலகையை அதன்மேல் இறக்குகிறார்கள். தண்ணீர் பட்டால் முளை ஊதும், பிடி இறுகும். இரும்பு ஆணி உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து, தானும் கெட்டு, சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். ஆணி இல்லாததை ஏழ்மை என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: அந்தக் கப்பலில் எஞ்சினும் ஜி.பி.எஸ். கருவியும் இருந்தனவாமே. எஞ்சினை வைத்துக்கொண்டு எட்டாம் நூற்றாண்டுப் பயணம் என்று சொல்வது ஏமாற்று வேலை இல்லையா?
— ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருச்சி

இருந்தன, ஐயா. மாற்று ஏற்பாடாக 22 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு. ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். எஞ்சினும் ரேடியோவும் இல்லாத பதினெட்டு மீட்டர் மரக்கப்பலை எந்தத் துறைமுக அதிகாரி இன்று உள்ளே விடுவார்? எங்கள் காலத்து அதிகாரிகளை நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பிரம்மாண்டமான கொள்கலன் கப்பல்கள் போகும் பாதையில், ராத்திரியில், விளக்கும் கருவியும் இல்லாமல் இருபதுக்கு மேற்பட்ட ஆட்களை ஏற்றிப் போவது ஆராய்ச்சி ஆகாது. தற்கொலை.

ஆனால் உங்கள் கேள்வியின் உள்ளே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: எதைச் சோதித்தார்கள்? உடல், பாய், மிதவை, பக்கச் சுக்கான்கள் ஆகியவை பெருங்கடலில் தாங்குமா என்பதைச் சோதித்தார்கள். தாங்கின. வழி கண்டுபிடிக்கும் கலையைச் சோதிக்கவில்லை. சோதித்ததாகச் சொன்னால்தான் ஏமாற்று.

அந்தக் கலையைச் சோதித்தவர்கள் வேறு. ஹவாயில் கட்டிய 'ஹோகுலேயா' என்ற இரட்டை ஓடத்தை 1976-இல் தாஹித்திக்குச் செலுத்தினார்கள். திசைகாட்டி உட்பட எந்தக் கருவியும் இல்லை. மைக்ரோனேசியாவின் சாத்தவால் என்ற சின்னஞ்சிறு தீவைச் சேர்ந்த மவ் பியாலுக், விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் வைத்தே வழிகாட்டினார். ஒரு மாதத்துக்கு மேல் நீண்ட கடல்பயணம். அந்த ஓடமும் பழைய ஓடத்தின் நகல்தான், ஆனால் அதன் பாய் நவீனத் துணி. அங்கே சோதிக்கப்பட்டது மனிதரின் கணக்கு. இங்கே சோதிக்கப்பட்டது மரத்தின் உறுதி. நகல் கப்பல் எதைப் பார்த்தாலும் முதலில் "நீ எதற்குப் பதில்?" என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கப்பல் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே ஜாவாக்காரர்கள் அந்தக் காலத்திலேயே ஆப்பிரிக்கா போனார்கள் என்பது நிரூபணமாகிவிட்டது, சரிதானே?
— பெங்களூரு வாசகர்

சரியில்லை. கப்பல் அருங்காட்சியகத்துக்குப் போகும் பத்தில் ஒன்பது பேர் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். போக முடியும் என்பது வேறு, போனார்கள் என்பது வேறு. முதலாவதைக் கப்பல் சொல்லும். இரண்டாவதைச் சொல்ல வேறு சாட்சி வேண்டும்.

மடகாஸ்கரைப் பொறுத்தவரை அந்தச் சாட்சி பலமாகவே இருக்கிறது. ஆப்பிரிக்கக் கரையோரத்துத் தீவான அங்கே பேசப்படும் மலகாசி மொழிக்கு மிக நெருங்கிய உறவு, போர்னியோ தீவின் தென்கிழக்கில் பேசப்படும் மாஅன்யான் மொழி. இடையில் முழு இந்தியப் பெருங்கடல். மரபணு ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. கி.பி. முதல் ஆயிரமாண்டிலேயே இந்தோனேசியத் தீவுகளிலிருந்து ஆட்கள் அங்கே போய்க் குடியேறியிருக்கிறார்கள். நீந்திப் போயிருக்க முடியாது. ஆகவே 'எப்படி' என்ற கேள்விக்கு சமுத்ர ரக்ஷா ஒரு நம்பத்தகுந்த பதிலாகிறது. மேற்கே கானா வரை போனது அழகான பயணம். ஆனால் அவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு மொழியோ மரபணுவோ அப்படி வந்து நிற்கவில்லை.

இந்த வழுக்கலுக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் 'கோன்-டிக்கி'. நார்வேக்காரரான தோர் ஹெயர்டால், பால்சா மரக்கட்டைகளைக் கட்டித் தெப்பமாக்கி, 1947 ஏப்ரல் 28 அன்று பெரு நாட்டின் கயாவோவிலிருந்து ஐந்து தோழர்களுடன் பசிபிக்கில் மிதந்தார். 101 நாள் கழித்து ராரோயா என்ற பவளத்தீவில் போய் மோதினார். தெப்பம் இன்றும் ஓஸ்லோவில் அதன் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பசிபிக் தீவுகளில் முதலில் குடியேறியவர்கள் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்பது அவர் வாதம். பயணம் வென்றது, வாதம் தோற்றது. மொழியும் பயிர்களும் மரபணுவும் அந்த மக்கள் ஆசியப் பக்கமிருந்து, மேற்கிலிருந்து வந்தவர்கள் என்று காட்டிவிட்டன. கதை அதோடும் முடியவில்லை. 2020-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, கி.பி. 1200-ஐ ஒட்டி பாலினேசியருக்கும் தென் அமெரிக்கப் பழங்குடிகளுக்கும் கலப்பு நிகழ்ந்திருக்கிறது என்றது. யார் யாரைத் தேடிப் போனார்கள் என்று தெப்பத்தைக் கேட்டால் அது சொல்லாது.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அது சோழர் கப்பல்தானே?
— தஞ்சாவூர் வாசகர்

இல்லை.

இதே கேள்வியைக் கேட்டு வந்த கடிதங்களைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். கட்டு கனமாக இருக்கிறது. போரோபுதூர் எழுந்தபோது தஞ்சையில் விஜயாலயன்கூட வரவில்லை. ராஜேந்திரன் கடாரத்துக்குப் படை அனுப்பிய 1025-க்கு இருநூறு ஆண்டுக்கு மேல் முந்தியது அந்தச் சிற்பம். இருபுறமும் மிதவை வைத்த கப்பல் அந்தத் தீவுக்காரர்களின் சொந்தச் சொத்து. அவர்கள் கட்டிய கப்பலுக்கு நாம் பெயர்ப்பலகை எழுத வேண்டாம்.

உறவு உண்டா என்றால், உண்டு. அது கப்பலில் இல்லை, செப்பேட்டில் இருக்கிறது. போரோபுதூரைக் கட்டியவர்கள் சைலேந்திர வம்சத்தார். அதே வம்சத்தில் பிறந்தவன் என்று சொல்லிக்கொண்ட ஸ்ரீவிஜய மன்னன் மாரவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டினான். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்தான். ஆனைமங்கலச் செப்பேடு, லெய்டன் செப்பேடு என்றெல்லாம் நாம் சொல்வது இதைத்தான். அப்பன் ஊரைக் கொடுத்தான். மகன் படையை அனுப்பினான். வணிகர்களுக்கு இரண்டும் புரிந்திருக்கும்.

கேள்வி: சரி, அவர்களுக்கு ஒரு கப்பல் இருக்கிறது. ராஜேந்திரன் கடாரம் கொண்ட கப்பலை அப்படியே கட்டி நாகப்பட்டினத்தில் நிறுத்தினால் என்ன? ஆயிரம் ஆண்டு நிறைவுக்குப் பொருத்தமாக இருக்குமே.
— நாகப்பட்டினம் வாசகர்

எதைப் பார்த்துக் கட்டுவீர்கள்?

ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி "அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி" என்கிறது. கம்பீரமான வரி. ஆனால் கலத்துக்குப் பாய்மரம் ஒன்றா மூன்றா, பலகையைத் தைத்தார்களா முளையடித்தார்களா, சுக்கான் எங்கே இருந்தது என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை. மெய்க்கீர்த்தி எழுதிய புலவன் கப்பல் பட்டறைக்குப் போகவில்லை. எத்தனை நாட்டை வென்றான் என்ற கணக்குதான் அவனுக்கு முக்கியம். ஜாவாவின் கல்தச்சன் செய்துவைத்துவிட்டுப் போன காரியத்தை நம் கோயில் சிற்பிகள் சோழர் கடற்படைக்குச் செய்துவைக்கவில்லை.

நம் கரையில் கப்பல் படம் அறவே இல்லை என்று இல்லை. சாதவாகனர் காசு ஒன்றில் இரட்டைப் பாய்மரக் கப்பல் இருக்கிறது. அது ராஜேந்திரனுக்கு எண்ணூறு ஆண்டு முந்தியது. வைகை கடலில் கலக்கும் இடத்திலுள்ள அழகன்குளத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் யாரோ கப்பல் ஒன்றைக் கீறியிருக்கிறார்கள். பண்டைய கப்பல்களில் கரைகண்ட லயனல் காஸன் அதைப் பார்த்து, மூன்று பாய்மர ரோமானியக் கப்பல் என்று சொன்னார். நம் ஊர்க்காரன் வரைந்திருக்கலாம், கப்பல் வெளியூருடையது.

ஆகவே 'ராஜேந்திரன் கப்பல்' என்று இன்று எதைக் கட்டினாலும், கட்டுகிறவர் மனத்தில் இருப்பதைக் கட்டியதாகத்தான் ஆகும். சினிமாவுக்கு அது போதும். அருங்காட்சியகத்துக்குப் போதாது. அதில் தவறாமல் ஒரு புலிக்கொடி இருக்கும், அணியத்தில் யாளி இருக்கும், பலகை மட்டும் வெல்டிங் பட்டறையிலிருந்து வந்திருக்கும். வேண்டாம்.

சிற்பம் இருந்தாலுமே கஷ்டம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போரோபுதூர்ச் சிற்பத்தில் ஆட்கள் பெரிதாகவும் கப்பல் சிறிதாகவும் இருக்கிறது. சிற்பிக்கு முகம் தெரிய வேண்டுமே! தண்ணீருக்குக் கீழே உள்ள பாகம் தெரியாது. ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறான். மிச்சத்தைத் தீவுத் தச்சர்களின் வாழும் வழக்கத்திலிருந்து இட்டு நிரப்பினார்கள். அஸ்அத் அப்துல்லா இல்லையென்றால் அந்தச் சிற்பம் சிற்பமாகவே இருந்திருக்கும்.

கேள்வி: இந்தியக் கடற்படைகூட அஜந்தா ஓவியத்தைப் பார்த்து ஒரு தையல் கப்பலைக் கட்டியிருக்கிறதே?
— விசாகப்பட்டினத்தில் வாழும் தமிழர்

ஆம், 'கௌண்டின்யா'. 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்திருக்கிறார்கள். ஓவியம் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எனக்கு அதில் பிடித்த விஷயம், தைக்கத் தெரிந்த கேரளக் கைவினைஞர்களைத் தேடிப்பிடித்து அவர்களிடம் வேலையை ஒப்படைத்ததுதான். ஓமானில் கட்டி 2010-இல் சிங்கப்பூருக்கு ஓட்டிவந்த 'ஜூவல் ஆஃப் மஸ்கட்' கப்பலும் இதே தையல் ரகம். அதற்கு ஓவியம்கூட வேண்டியிருக்கவில்லை. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே மூழ்கிக் கிடந்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலே சாட்சியாகக் கிடைத்துவிட்டது. போரோபுதூர்ச் சிற்பி உளி பிடித்த அதே காலம். சீனக் கிண்ணங்களை அறுபதாயிரம் அளவில் ஏற்றிக்கொண்டு அந்தக் கப்பல் மூழ்கியிருந்தது. சரக்குக் கணக்கு எழுதியவன் என்பதால் சொல்கிறேன், அத்தனை கிண்ணத்தை உடையாமல் அடுக்கியவன் பெரிய ஆள்.

கேள்வி: என் கணவர் ஓய்வுபெற்ற நாள் முதல் தீக்குச்சியில் கப்பல் செய்கிறார். வீடெல்லாம் பசை. சாப்பாட்டு மேசையில் இடமில்லை. இதனால் உலகுக்கு ஏதாவது பயன் உண்டா?
— பெயர் வேண்டாம், சேலம்

அஸ்அத் அப்துல்லாவின் கப்பலே ஒரு சிறு மாதிரியில்தான் தொடங்கியது என்று அவரிடம் சொல்லாதீர்கள். கூடத்தையும் பிடித்துக்கொள்வார்.

கேள்வி: ராஜேந்திரனை விடுங்கள். எங்கள் ஊரில் கட்டிய 'அன்னபூரணி' அமெரிக்கா வரை போனது. அதற்கு நகல் கட்டலாம் என்றால் ஒப்புக்கொள்வீர்களா?
— வல்வெட்டித்துறையில் பிறந்து டொராண்டோவில் வாழும் வாசகர்

மனமார ஒப்புக்கொள்கிறேன். இந்த வாரக் கட்டிலேயே மிகச் சரியான யோசனை இதுதான்.

தெரியாதவர்களுக்காக: இலங்கையின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறைத் தச்சர்கள் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அன்னபூரணி. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கினார். பெயரை 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே சூயஸ் வழியாக, மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக்கும் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கவனியுங்கள்: இங்கே 'போக முடியுமா' என்ற கேள்வியே இல்லை. போனார்கள், தேதி இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது. கடலோடிகளின் பேரப்பிள்ளைகள் உங்களைப் போல உலகெங்கும் இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசனின் கப்பலைக் கற்பனையில் கட்டுவதைவிட, எண்பத்துச் சொச்சம் ஆண்டுக்கு முந்தைய வணிகக் கப்பலைச் சாட்சியோடு கட்டலாம். ஆனால் கல்வெட்டில் வராத கப்பலுக்கு நம்மவர்கள் நன்கொடை தருவார்களா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் கட்டுமரம் சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. எல்லோருக்கும் ஃபைபர் படகு வந்துவிட்டது. அவர் மரம் வேப்பமரத்தடியில் கிடந்து செல்லரிக்கிறது. தாத்தாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முடியுமா? விறகுக்குக் கேட்கிறார்கள்.
— கல்லூரி மாணவர், கடலூர் மாவட்டம்

தம்பி, விறகுக்குக் கொடுக்காதே. ஆனால் அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கவும் செய்யாதே. முதலில் தாத்தாவிடம் உட்கார்.

கட்டுமரம் என்பது கட்டைகள் மட்டும் இல்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே காயப்போட்டு, மறுநாள் திரும்பக் கட்டுவார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். அப்படியானால் நாளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் கலம் அது. கட்டத் தெரிந்த கை இல்லாமல் கட்டைகளை மட்டும் கண்ணாடிக்குள் வைத்தால், பார்க்கிறவனுக்கு அது மரக்கடை. ஆகவே ஒவ்வொரு மரத்தின் நீளம், அகலம், கனம் எல்லாவற்றையும் நாடா வைத்து அள. எந்த மரம் நடுவில், எது ஓரத்தில், எதற்கு என்ன பெயர் என்று அவர் சொல்கிற சொல்லிலேயே எழுது. புத்தகச் சொல்லாக மாற்றாதே. முனையை ஏன் அப்படிச் செதுக்கினார்கள் என்று கேள். நல்ல நார்க்கயிறு வாங்கிக் கொடுத்து, அவரைக் கட்டச் சொல்லி, கையை மட்டும் செல்போனில் படமெடு. முகம் வேண்டாம், முகத்தைப் படமெடுக்கத்தான் எல்லோரும் இருக்கிறார்கள். அவிழ்ப்பதையும் எடு. எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் பாய், துடுப்பு எவ்வளவு நீளம், இரவில் எதைப் பார்த்துக் கரை திரும்பினார் என்று கேள்.

நூறு ஆண்டுக்கு முன் சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நம் கரை முழுக்க அலைந்து இப்படித்தான் படகுகளை அளந்து எழுதினார். பாக் நீரிணைப் பக்கத்து வத்தைகளில், காற்று வரும் பக்கமாகப் பலகையை நீட்டி அதில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து படகைக் கவிழாமல் பிடித்துக்கொள்வதை அவர் குறித்துவைத்திருக்கிறார். மிதவைக்குப் பதில் மனிதர்! போரோபுதூர்க் கப்பல் மரத்தால் செய்த வேலையை நம் ஆட்கள் உடம்பால் செய்திருக்கிறார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதிவைத்ததால் இன்று எனக்குத் தெரிகிறது. உன் தாத்தாவிடம் கேட்க இப்போது நீ இருக்கிறாய். அளவும் பெயரும் படமும் கையில் இருந்தால், மரமே அரித்துப்போனாலும் இன்னொருவர் இன்னொன்றைக் கட்டமுடியும். எழுதி முடித்ததும் ஒரு பிரதியை எனக்கும் அனுப்பு. பத்திரிகை முகவரிக்கே வரட்டும்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் குழந்தைகளோடு போகிறோம். அந்தக் கப்பலைப் பார்க்கத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டுமா?
— சென்னை வாசகி

வேண்டாம். யோக்யகர்த்தாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். காலையில் போய் மாலையில் திரும்பலாம். கப்பல் கூடம் போரோபுதூர் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. வளாக டிக்கெட்டே அதற்கும் செல்லும். கோயில்மீது ஏறுவதற்கு மட்டும் தனி டிக்கெட். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, படிகள் தேயாதிருக்க அவர்கள் தரும் செருப்பைத்தான் போடவேண்டும். அந்த டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் சுற்றில் இருக்கும் கப்பல் சிற்பத்தை அருகிலிருந்து பார்க்கமுடியாது. பக்கத்திலேயே இருக்கும் கர்மவிபங்க அருங்காட்சியகத்தையும் விடவேண்டாம். கோயிலின் அடித்தளத்தில் கல்கட்டுக்குப் பின்னால் மறைந்துள்ள சிற்பங்களின் படங்கள் அங்கே உண்டு. வெயில் கடுமை. தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள். வரிசை முக்கியம்: முதலில் கல், பிறகு மரம். குழந்தைகளிடம் சிற்பத்தில் எத்தனை கயிறு என்று எண்ணச் சொல்லிவிட்டு, கீழே இறங்கி வந்து கப்பலில் தேடச் சொல்லுங்கள். நீங்கள் நிம்மதியாகக் காப்பி குடிக்க அரை மணி நேரம் கிடைக்கும்.